அரை இன்ச் ராட்செட்டும் முதல் அடியும்

என் முன்கோபக்கார அண்ணனுக்கு, அந்தக் கோபத்தில் சரிபாதியைப் பங்கு வாங்கிக்கொண்டு பிறந்த தங்கச்சி எழுதுவது.

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இரும்புலியூரில் ஒரே வீட்டில் நீ கீழே, நான் மாடியில். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் படிக்கட்டில் நின்று கத்தினால் போதும். கத்துவதில் நம் இரண்டு பேரையும் அந்தத் தெருவில் யாரும் ஜெயித்ததில்லை. இப்போது கத்தினால் உனக்குக் கேட்குமா? தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நாளை திங்கட்கிழமை. செங்கல்பட்டு கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். உன்னை அடித்துக் கொன்ற பாபு, எதிர்வீட்டு ஆட்டோ பாபு, கூண்டில் நிற்பான். அவன் உன்னை அடித்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதற்கு முன்னால் நீ அவனை அடித்ததைப் பார்த்தவளும் நான் ஒருத்திதான். அவன் அடித்ததைப் போலீஸிடம் சொன்னேன். நீ அடித்ததை இன்று காலைவரை ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷமாக மனசுக்குள் அவனைத் தினமும் கொன்றுகொண்டிருக்கிறேன். காய் நறுக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, ஜெபம் பண்ண முட்டி போடும்போதுகூட. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதைச் சொன்னேன். "மன்னிக்கப் பழகும்மா" என்றார். "பழகிட்டு வர்றேன் ஃபாதர்" என்று எழுந்து வந்தவள்தான், அந்தப் பக்கம் திரும்பப் போகவில்லை.

போன வாரம் அரசு வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் உன் ராட்செட்டின் போட்டோ இருந்தது. அட்டையில் நம்பர் எழுதி நூலால் கட்டியிருந்தார்கள்.

"இது என்னம்மா, ஸ்பேனரா?"

"ஸ்பேனர் இல்ல சார், ராட்செட். தலையில சதுரமா ஒரு கட்டை நீட்டிக்கிட்டு இருக்கில்ல, அதுல சாக்கெட்டை மாட்டி நட்டு மேல வைக்கணும். ஒரு பக்கம் இழுத்தா நட்டைப் புடிச்சுத் திருப்பும். திரும்பக் கொண்டுவந்தா கிர்ருனு சும்மா சுத்தும். நட்டுலேர்ந்து எடுக்காமலே கழட்டிடலாம்."

"கனமா இருக்குமா?"

"அது அரை இன்ச் சார். அந்தச் சதுரக் கட்டை அரை இன்ச். வீட்ல வச்சுக்கறதுல அதுதான் பெருசு. கனமாத்தான் இருக்கும்."

"தலைல ஒரே அடி அடிச்சா ஆள் சாவானா?"

கேட்பது அவர் வேலை. "செத்தான் சார்" என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. குடித்தேன்.

அந்த ராட்செட் நான் வாங்கிக் கொடுத்தது என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பார்ட்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறவள் நான். காலையில் டூல்ஸைக் கொடுத்து சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பதுதான் என் பிழைப்பு. ஒரு ராட்செட்டைக் கையில் வாங்கி இரண்டு தடவை சுற்றிப் பார்த்தால் போதும், அது ஆறு மாசம் தாங்குமா ஆறு வருஷம் தாங்குமா என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் உன் பிறந்தநாளைக்கு என்ன வாங்கினேன்? நூற்றெட்டு பீஸ் பெட்டி!

சிவப்புப் பெட்டி. திறந்தால் கல்யாணப் பெண்ணுக்கு நகை வைத்த மாதிரி பளபளவென்று. அதில் முக்கால்வாசியை நீ ஜென்மத்தில் தொடப்போவதில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஸ்க்ரூ டிரைவர் முனைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்தக் காசுக்கு நல்ல ராட்செட்டாக ஒன்றும், உனக்குத் தேவையான எட்டு சாக்கெட்டும் வந்திருக்கும். ஆனால் ஒற்றை ராட்செட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் அண்ணி என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். பெட்டி பெரிதாக இருக்க வேண்டும். பந்தா, வேறென்ன? நீயும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை போய், பார்க்கிறவர்களிடம் எல்லாம் "தங்கச்சி குடுத்தது" என்று திறந்து காட்டிவிட்டு வந்தாய்.

உன் பங்குக்கு நீ செய்த தப்பு பைப். நம் வீட்டு வழக்கமே அது. போல்ட் வரவில்லை என்றால் ராட்செட் கைப்பிடியில் பழைய தண்ணீர் பைப்பைச் செருகி, நீளமாக்கி, காலை உதைத்து இழுப்பது. இறுகிய போல்ட்டை முதலில் அசைப்பதற்கு டீ பார் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே பல்லும் கிடையாது, சக்கரமும் கிடையாது, முழு இரும்பு. அது எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ராட்செட் அசைந்த போல்ட்டைச் சீக்கிரம் கழற்றுவதற்கு மட்டும்தான். எங்கள் கம்பெனியில் எவனாவது ராட்செட்டில் பைப் போட்டால் மறுநாள் அவனுக்கு டூல் கிடையாது. உன்னிடம் சொன்னேன். "நீ ஸ்டோர்ல உக்காந்து எண்ணு. நான் கழட்டறேன்" என்று சிரித்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். நாளைக்குச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை உன்னிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் பூசை முடிந்து வந்து, லுங்கியைக் கட்டிக்கொண்டு, காரின் முன் சக்கரத்தைக் கழற்றினாய். பிரேக் பேட் மாற்ற வேண்டும். தெருவில் பாதிப் பேர் இரண்டாம் பூசையில், மீதிப் பேர் கறிக்கடை வரிசையில். அண்ணி சமையலறையில். நான் காபி டம்ளரும் கந்தல் துணியுமாக உன் பக்கத்தில். பிரேக்கைப் பிடித்திருந்த மேல் போல்ட் வந்துவிட்டது, கீழ் போல்ட் அசையவில்லை. நீ பைப்பை எடுத்தாய். நான் வாயைத் திறக்கவில்லை.

பாபு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். காரின் கதவு திறந்து கிடந்தது, சிவப்புப் பெட்டி நடுரோட்டில் விரிந்து கிடந்தது. பெட்டியை ஓரம் தள்ளிக் கதவை மூடினால் ஆட்டோ போய்விடும். அதை நான் செய்திருக்கலாம். ஹார்ன் அடிக்கிறான், நாம் ஏன் நகர வேண்டும் என்று நின்றேன்.

"இன்னாண்ணா, எம்மா நேரம்? ஏர்போர்ட் சவாரி கீது. கொஞ்சம் ஒதுக்கேன்."

"இரு."

இரண்டாவது ஹார்ன். நீ காரைத் தாங்கிய கட்டைமேல் காலை உதைத்து முழு பலத்தோடு இழுத்தாய். மூன்றாவது ஹார்னும் ராட்செட் உள்ளே பல் வழுக்கியதும் ஒரே நேரத்தில். உன் கை பிரேக் தட்டின் ஓரத்தில் போய் மோதியது. நான்கு விரல் முட்டியிலும் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது, அதற்கப்புறம்தான் ரத்தம் வந்தது. நீ கத்தவில்லை. நீ கத்தாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பாபு தலையை வெளியே நீட்டினான். "அத்த மெக்கானிக்கான்ட குட்த்துருக்கலாம்ல?"

"இன்னாடா சொன்ன?"

பைப்பை உதறினாய். ராட்செட்டை எடுத்துக்கொண்டு போனாய். அவன் ஆட்டோவை விட்டு இறங்கினது சண்டைக்கு இல்லை, அண்ணா. உன் கையைப் பார்த்து இறங்கினான். "யோவ், ரத்தம் வருதுய்யா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். நீ முதல் அடியை அவன் இடது தோளில் போட்டாய். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது, அவன் தலையை மறைத்துத் தூக்கிய வலது கையில். மூன்றாவதுக்கு அவன் குனிந்துவிட்டான், ஆட்டோ முன்கண்ணாடி நொறுங்கியது. நீ நாலாவதுக்கு ஓங்கும்போது அவன் ராட்செட்டைப் பிடித்துவிட்டான். இழுத்தீர்கள். அவன் கைக்கு வந்தது. அவன் ஒரே ஒரு தடவை வீசினான். உன் காதுக்கு மேலே.

நீ மூன்று. அவன் ஒன்று. நீ விழுந்தாய்.

அவன் ராட்செட்டைக் கீழே போட்டுவிட்டு, "யக்கா, நான் வேணும்னு அடிக்கல யக்கா" என்றான். நான் அந்தப் பைப்பை எடுத்தேன். நீ உடைத்த அதே தோளில் அடித்தேன். அவன் விழுந்தான், விழுந்த பிறகும் அடித்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் என்ன ஏது என்று கேட்காமல் செருப்பாலும் காலாலும் கட்டையாலும் சேர்ந்துகொண்டார்கள். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேனில் ஏற்றி ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிப்பதற்குள் உன் மூச்சு நின்றுவிட்டது. என் மடியில்தான் நின்றது. அப்போதும் என் கையில் அந்தப் பைப் இருந்தது, அண்ணி பிடுங்கி வெளியே எறிந்தாள்.

ஸ்டேஷனில் கேட்டார்கள். "அவனுக்குத் தோள் எலும்பு ஒடைஞ்சிருக்கு, முன்கை வீங்கியிருக்கு, ஆட்டோ கண்ணாடி போயிருக்கு. உங்க அண்ணன்தான் முதல்ல அடிச்சார்ங்கறான்."

"ஜனங்க அடிச்சதுதான் சார்" என்றேன். சுலபமாக வந்தது. அதில் பாதி உண்மைதானே? எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். பாபு இன்றுவரை உள்ளேதான் இருக்கிறான்.

அவன் பெண்டாட்டி செல்வி வாடகை வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பெரும்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு நாள் காலை நான் வேலைக்குப் போகிற பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அடித்திருப்பேன்.

"யக்கா, ஒன்னே ஒன்னு. நீ அங்கதான நின்னுகினு இருந்த? அண்ணாத்த மொதல்ல அடிச்சத பாத்தியா, இல்லியா?"

"உன் புருஷன் கொலகாரன். தள்ளுடி."

"அது ஊருக்கே தெரியும். நான் கேட்டது அது இல்ல."

தள்ளினேன். ஸ்டாப்பின் இரும்புக் கம்பியில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பார்க்கவில்லை.

இனி உன் கார் கதை. அது இன்னும் அதே இடத்தில், ஒரு சக்கரம் இல்லாமல், நீ வைத்த கட்டைகள்மேல் நிற்கிறது. போலீஸ் போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். தெருவில் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரிக்காரன் இறங்கி வந்தான். "எடுக்கிறியா, இல்ல இடிச்சுத் தள்ளிக்கினு போவட்டா?" என்றான். "இடிச்சுப் பாரு" என்று நான் மாடியிலிருந்து கல்லோடு இறங்கினேன். அவன் பின்னாலேயே ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டான். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றபோதுதான் தோன்றியது, பிரேக் வேலையை முடித்து, சக்கரத்தை நானே மாட்டி, காரை நகர்த்திவிட வேண்டும் என்று. உன் ராட்செட் கோர்ட்டில். சிவப்புப் பெட்டியை நான் எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டேன். புதிதாக வாங்க வேண்டும்.

நேற்று மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட் பக்கம் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயசுதான் இருக்கும். நல்ல கலகலப்பான ஆள்.

"வூட்டுக்கா, ஒர்க் ஷாப்புக்காக்கா?"

"வீட்டுக்கு. ராட்செட் மட்டும் தனியா, லூஸ்ல காட்டுங்க."

நாலைந்தை எடுத்துக் கண்ணாடிமேல் பரப்பினார். உனக்காகத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கேட்டுக்கொள். முதலில் தலையைப் பிடித்துச் சதுரக் கட்டையை விரலால் சுற்ற வேண்டும். தளர்வான நட்டைக்கூடத் திரும்ப இழுத்துக்கொண்டு வராத அளவுக்கு லேசாகச் சுற்ற வேண்டும். ஒன்று மணல் அரைத்த மாதிரி சுற்றியது, ஒதுக்கினேன். அடுத்தது திசை மாற்றும் நெம்பு. கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று உட்கார வேண்டும், நடுவில் தொங்கக் கூடாது. நடுவில் தொங்குகிற ராட்செட்தான் இழுக்கும்போது வழுக்கும். இன்னொன்றை அதற்காக ஒதுக்கினேன்.

"இது எழுவத்திரெண்டு பல்லுக்கா. ஃபைன் டைப்பு. சூப்பரா போவுது."

பல் அதிகம் இருந்தால் கொஞ்சம் அசைத்தாலே அடுத்த பல்லைப் பிடிக்கும், இடுக்கில் வேலை செய்ய வசதி. சரிதான். ஆனால் பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சின்னதாகிறது. நல்ல இரும்பில் அது தாங்கும், மலிவு இரும்பில் மழுங்கிவிடும். மலிவில் வாங்குகிறவன் பல் குறைவாக வாங்குவதுதான் புத்தி. ரப்பர் கைப்பிடி பார்க்க அழகு, ஆயில் பட்டுப் பட்டு ஊறிக் கையோடு கழன்று வரும். முழு இரும்புக் கைப்பிடி போதும். முக்கியமானது தலையின் பின்பக்கம். அங்கே ஸ்க்ரூ இருந்தால் நாமே திறந்து துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வைக்கலாம், உள் சாமான் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். அடித்து மூடியிருந்தால் கெட்டதும் தூக்கிப் போட வேண்டியதுதான். கடைசியில் சாக்கெட்டை மாட்டி ஆட்டிப் பார்த்தேன்.

இப்படித் தேறியது ஒன்று. அரை இன்ச். விலை கேட்டால் சிரிப்பும் வராது, மயக்கமும் வராது. உன் கைக்கு நன்றாக உட்கார்ந்திருக்கும். இவ்வளவு தெரிந்தவள், இதே கால் மணி நேரத்தை அன்றைக்குச் செலவு செய்திருக்கக் கூடாதா?

அப்போது கடைக்காரர் மேல் தட்டிலிருந்து அதே சிவப்புப் பெட்டியை இறக்கி என் முன்னால் திறந்தார்.

"இத்த பாருக்கா. நூத்தியெட்டு பீஸு. நீ ஒன்னொன்னா நோண்டிகினு கீற. இது வாங்கினா முட்ச்சிடிச்சு மேட்டரு."

"அதை மூடுங்க. அதுல இருக்கற ராட்செட் வழுக்கும்."

அவர் சிரித்தார். "வழுக்கினா இன்னாக்கா? மாத்திக்கலாம். ராட்செட் வழுக்கியா செத்தா பூடப்போறாங்க?"

எப்படி ஓங்கினேன் என்று எனக்குத் தெரியாது. கையில் அந்த அரை இன்ச் ராட்செட். தலைக்கு மேல் போய்விட்டது. அவர் வலது கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சுவரோடு ஒட்டினார். "யக்கா, யக்கா, வோணாம்க்கா" என்றார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். பாபு இப்படித்தான் தூக்கினான். இதே வலது கை, இதே மாதிரி முகம் அந்தப் பக்கம். அன்றைக்கு நான் ஓரத்திலிருந்து பார்த்தது, நேற்று நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் எதிரில் இருப்பவன் எதிரியே இல்லை, அண்ணா. பயந்துபோன ஒரு ஆள். உனக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தும் நீ இரண்டாவதை அடித்தாய், மூன்றாவதையும் வீசினாய், நாலாவதுக்கும் ஓங்கினாய். நிறுத்த உனக்கு நேரம் இருந்தது. நேற்று எனக்கு இருந்ததே.

ராட்செட்டை மெதுவாகக் கண்ணாடிமேல் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "டீ பார் ஒண்ணும் வேணும்" என்றேன். அவர் இரண்டையும் கட்டிக் கொடுத்துவிட்டு, பணத்தைக்கூட என் கையிலிருந்து வாங்காமல் மேஜைமேல் வைக்கச் சொன்னார்.

இன்று காலை காரின் முன்பக்கம், சக்கரம் இல்லாத இடத்தில் உட்கார்ந்தேன். துரு நீக்கும் எண்ணெயை நேற்றே அடித்து ஊறவைத்திருந்தேன். டீ பாரை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்தேன். "கிறீச்" என்றது. ஒரே இழுப்பு. உன் உயிரை வாங்கின போல்ட் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அப்புறம் புது ராட்செட்டைப் போட்டு கிர், கிர் என்று கழற்றினேன். வழுக்கவே இல்லை. நடுரோட்டில் உட்கார்ந்து உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். உன்னிடமே கற்றுக்கொண்ட வார்த்தைகள்தான். என்னையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

அப்படியே கிரீஸ் கையோடு அண்ணியிடம் போனேன். அவள் அருவாமனையில் சங்கரா மீன் தலையை அரிந்துகொண்டிருந்தாள். நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மூன்று அடி, அவன் ஒரு அடி, நான் பைப்பால் அடித்தது, ஸ்டேஷனில் புளுகியது. "நாளைக்குக் கோர்ட்டில இதைத்தான் சொல்லப்போறேன், அண்ணி" என்றேன். அரசு வக்கீல் என்னைப் பிறழ்சாட்சி என்பார். ஸ்டேஷனில் சொன்ன பொய்க்கு என் மேலும் கேஸ் வரலாம். வரட்டும். அண்ணி என்ன சொல்வாள் என்பதுதான் எனக்குப் பயம். "அவன் வெளிய வந்தா நான் உயிரோட இருக்கமாட்டேன்" என்று ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

எழுந்து வந்து ஓங்கி ஒரு அறை விட்டாள். மீன் கையோடு. நான் அசையவில்லை. திரும்பிப் போய் அருவாமனையில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு மீனை அரிந்தாள்.

"மொதல்ல அடிச்சது அவரா?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"இதுல புதுசா என்ன இருக்கு, ஜெசி?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

"பதினாலு வருஷம் இந்த வீட்ல மொதல்ல அடிச்சது யாரு? நீ மேலதான இருந்த? உனக்குக் கேக்கலையா?"

கேட்டது, அண்ணா. உனக்குத் தெரியும், எனக்குக் கேட்டது. கேட்ட நாளெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"ஒரு ஈஸ்டருக்கு என் கன்னம் வீங்கி, கண்ணு மூடிக்கெடந்துது. நீ சாப்ட வந்த. என் மூஞ்சிய நல்லாப் பாத்த. பாத்துட்டு, 'அண்ணி, பிரியாணில உப்பு கம்மி'ன்ன." மீன் செதில் ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவனோ ஒரு ஆட்டோக்காரனுக்குச் சாட்சி சொல்ல இப்ப வாய் வந்திச்சா உனக்கு?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உன்னை வெறுக்கிறாள் என்று நினைக்காதே. "அடிக்கிறவர்தான். அதுக்காகச் செத்துடணுமா அவர்?" என்று அதே மூச்சில் உனக்காக வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். வீடு முழுக்க மீன் நாற்றம். குழம்பை வைத்து, எனக்கும் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு நானும் வர்றேன். நீ முழுசாச் சொல்றியான்னு பாக்கணும்."

இப்போது மணி நாலு. பேட் மாற்றி, சக்கரத்தையும் மாட்டிவிட்டேன், கார் நாலு சக்கரத்தில் நிற்கிறது. சுவரோரம் தள்ளிவிட்டேன், லாரி போய் வருகிறது. உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அண்ணா. அது குறையவில்லை, குறையவும் போவதில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் கிள்ளினவனைத் தேடிப் போய் உதைத்தவன் நீ. எனக்காக நீ யாரை அடித்தாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் மாடியில் காதை மூடிக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. உன்னை நிறுத்த இந்த வீட்டில் ஒரு ஆள் இருந்தாள் என்றால் அது நான்தான். நான் நிறுத்தவில்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குக் கூண்டில் ஏறினதும் பைபிள்மேல் கை வைக்கச் சொன்னால் வைப்பேன். பாபுவைப் பார்க்கமாட்டேன், பார்த்தால் இன்னும் கை துடிக்கும். நீதிபதியையும் பார்க்கமாட்டேன். அண்ணி எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடி, அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு சொல்வேன்: "எங்க அண்ணன்தான் மொதல்ல அடிச்சான்."

அதைச் சொல்லி முடித்த பிறகும்
உனக்கு ஒரே தங்கச்சி,
ஜெசி